முன்னூற்றுப் பதினெட்டாம் டோக்கன்

அன்று மதியம் இரண்டு மணி. சர்ச் வராந்தாவில் ஒரு ஆள் இல்லை. பெஞ்சுகள் மேல் சயனைட் மேட்டுப் புழுதி மெல்லிசாகப் படிந்திருந்தது. தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்ச மண்ணைக் கொட்டிக் கொட்டி உண்டான மேடு அது. காற்றடித்தால் எங்கள் ஊரில் சோற்றிலும் அந்த மண்தான். நான் முகக்கவசத்தோடு பலகை முன்னால் நின்று, 318 என்று வெட்டிய பித்தளை டோக்கனைக் ‘கீழே’ என்று எழுதிய பக்கத்திலிருந்து கழற்றி, ‘மேலே’ என்று எழுதிய பக்கத்து ஆணியில் மாட்டினேன்.

டிங் என்று ஒரு சத்தம் கேட்டது.

என் செல்போன் ஸ்பீக்கரில் இருந்தது. கான்பரன்ஸ் காலில் சபையே காத்துக்கொண்டிருந்தது. “முன்னூத்திப் பதினெட்டு மேல வந்தாச்சு” என்று சொன்னேன். அத்தனை வீடுகளும் ஒரே நேரத்தில் ஸ்தோத்திரம் சொன்னால் செல்போனில் இரைச்சல்தான் கேட்கும். அந்த இரைச்சலுக்குள் யாரோ கை தட்டினார்கள், யாரோ விம்மினார்கள். நானும் அழுதேன்.

அந்த அழுகையை இப்போது நினைத்தால் என் முகத்திலேயே காறித் துப்பலாம் போலிருக்கிறது.

போன மாதம் இந்த இதழின் ஆசிரியர் தம்பி போன் செய்தார். “சார், உங்க தொடர்ல சுரங்கத்துத் தமாஷெல்லாம் நல்லாப் போகுது. கொரோனா சமயத்துல உங்க சபை எப்படி நம்பிக்கையோட தாக்குப்பிடிச்சதுன்னு ஒரு வாரம் எழுதுங்களேன். வாசகர்களுக்கு ஆறுதலா இருக்கும்” என்றார். சரி தம்பி, எழுதுகிறேன் என்றேன். எழுதிவிட்டேன். ஆறுதலாக இருக்குமா என்பதைப் படித்துவிட்டு அவரே சொல்லட்டும்.

ஒரே ஒரு சட்டம்

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக: என் பெயர் பாக்கியநாதன். சாம்பியன் ரீப்ஸில் தங்கச் சுரங்கம் ஓடிய கடைசிப் பதினைந்து வருடம் டைம் ஆபீசில் டோக்கன் கிளார்க். ஒரு நாள்கூட கீழே இறங்கி வேலை செய்யாதவன். ‘நெழல்ல குந்திக்கினு நம்பர் கூவறவன்’ என்பது இறங்குகிறவர்கள் எனக்கு வைத்த பட்டம். ஊருக்குள் இன்றைக்கும் நான் டோக்கன் பாக்கியம்தான்.

டோக்கன் என்றால் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வளையம் அளவுக்கு ஒரு பித்தளை வில்லை. அதில் ஆளின் நம்பர் வெட்டியிருக்கும். ஷிப்டுக்கு வருகிறவன் தன் டோக்கனைப் பலகையில் ‘கீழே’ பக்கம் மாட்டிவிட்டு, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி ஷாப்ட் என்கிற செங்குத்துக் குழிக்குள் இறங்குவான். ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் எடுத்து ‘மேலே’ பக்கம் மாட்டுவான். ‘கீழே’ பக்கம் காலியானால்தான் நான் வீட்டுக்குக் கிளம்பலாம். ஒரு டோக்கன் தங்கிவிட்டால் ஆள் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். உடனே மணியடிப்போம், தேடுகிற கூட்டம் இறங்கும்.

இதற்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. அவனவன் டோக்கனை அவனவன் கைதான் எடுத்து மாட்ட வேண்டும். அப்பனுக்காகப் பிள்ளை மாட்டக் கூடாது. அண்ணனுக்காகத் தம்பி மாட்டக் கூடாது.

சட்டத்துக்குக் காரணம் உண்டு. எனக்கு முந்தைய காலத்தில் ஒருத்தன், சினேகிதன் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறான் என்று நினைத்து, அவனுடைய டோக்கனையும் சேர்த்து மாட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். சினேகிதன் வரவில்லை. பாறை சரிந்து காலை நசுக்கியதில் இருட்டில் கிடந்தான். பலகையைப் பார்த்தால் எல்லோரும் மேலே. யாரும் தேடவில்லை. மறுநாள் அவன் மனைவி கேட்டுக்கு வந்து “எங்க வூட்டுக்காரரு டபுள் ஷிப்டா?” என்று கேட்ட பிறகுதான் டைம் ஆபீஸ் மணியடித்தது.

இந்தக் கதையைப் புது ஆட்களுக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். கையை ஆட்டி ஆட்டிச் சொல்வேன். சொல்வதில் நான் கெட்டிக்காரன்.

சுரங்கத்தை மூடியபோது பலகைகளை விறகுக்கு உடைத்தார்கள். நான் ஒரு பலகையையும் ஒரு சாக்கு நிறைய டோக்கன்களையும் சைக்கிளில் வைத்து ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். திருட்டுதான். எங்கள் சர்ச்சில் ஆர்கனுக்குப் பின்னால் அது இருபது வருடம் கரையானுக்குத் தப்பிக் கிடந்தது.

நம்பர் சொல்லி ஜெபம்

கொரோனா முதல் தடவை வந்தபோது எங்கள் ஊர் தப்பித்தது. பெங்களூர் ரயில் நின்று, வேலைக்குப் போகிறவர்களெல்லாம் வீட்டில் உட்கார்ந்து கேரம் ஆடினார்கள். இரண்டாம் தடவை வந்தது வேறு ரகம். சுரங்கக் கம்பெனி வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் ‘பிளெஸ் யூ’ சொல்லலாம். அதில் எங்கே விலகி இருப்பது? அதோடு, பாதிப் பேரின் நெஞ்சில் ஏற்கெனவே பாறைத்தூள்.

சர்ச்சைப் பூட்டினார்கள். அப்போது இருந்த பாஸ்டர் வயதானவர், நல்லவர். வாட்ஸ்அப்பில் ஜெபப் பட்டியல் போட்டார். ஒரு வாரத்தில் அது நாறிப்போனது. யாருக்கு நோய் என்று பெயர் வந்ததும் அந்த வீட்டுக்குத் தண்ணீர்க் குழாயில் குடம் வைக்க இடம் இல்லை. அதனால் நோய் வந்தவர்கள் மறைத்தார்கள். மறைத்தவர்கள் முற்றிப் போய் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

அப்போதுதான் எனக்குப் பலகை ஞாபகம் வந்தது. எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். சொந்த செல் நம்பர் தெரியாது, ஆனால் டோக்கன் நம்பர் மறக்காது. அப்பா செத்து முப்பது வருடமானாலும் பிள்ளைகள் டிபன் கேரியரிலும் குடத்திலும் அப்பாவின் நம்பரைத்தான் வெட்டி வைத்திருப்பார்கள். கல்யாணமாகிப் போன பெண்கூட “நாங்க நூத்தி இருபத்தியேழு வூடு” என்பாள். பெயர் வேண்டாம், நம்பர் சொல்லி ஜெபிப்போம் என்றேன். எந்த நம்பர் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும்தான், ஆனால் நம்பர் கீழே இருந்தால் ஒதுங்கிப் போகாமல் தேடிப் போவதுதான் எங்கள் பழக்கம்.

பலகையைத் துடைத்து வராந்தாவில் சாத்தினோம். வீட்டுக்கு ஒரு டோக்கன். நோய் கண்டால் ‘கீழே’. குணமானால் ‘மேலே’. பழைய ஷிப்ட் நேரப்படி காலை ஆறுக்கும் மதியம் இரண்டுக்கும் போனில் ஜெபம். நான் நம்பர் வாசிப்பேன், பாஸ்டர் ஜெபிப்பார். ‘கீழே’ இருக்கிற வீடுகளுக்கு ரோஸ்டர், அதாவது யாருக்கு யார் பொறுப்பு என்று முறைப்பட்டியல், போட்டேன். ஒருவர் கஞ்சி கொண்டுபோய் வாசலில் வைக்க வேண்டும், ஒருவர் தினம் இரண்டு தடவை போன் செய்து மூச்சு எப்படி என்று கேட்க வேண்டும். டோக்கன் மேலே போனதும் ரோஸ்டரிலிருந்து பெயர் எடுபடும்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அது வேலை செய்தது. ஆறு வருடமாகப் பேசாத வீடுகள் ஒன்றுக்கொன்று கஞ்சி கொண்டுபோயின. ஞாயிற்றுக்கிழமைகூட எட்டிப் பார்க்காத பையன்கள் இரண்டு மணிக்கு போனும் கையுமாக உட்கார்ந்தார்கள். நாம் எல்லோரும் ஒரே ஷாப்டில் இறங்கியிருக்கிறோம், எல்லோரும் ஏறிவிடுவோம் என்று ஒரு தைரியம் வந்தது. கடவுள் எங்கள் சபைக்குள் நடமாடினார் என்று சொன்னால், அந்த நாட்களில் நடமாடினார்.

பிறகு என்ன ஆயிற்று என்றால், நான் ஆயிற்று.

சாலமோன்

318 சாலமோனுடைய நம்பர். சுரங்கத்தில் டிம்பர்மேன், அதாவது மேற்பாறை விழாமல் மரத்தூண் முட்டுக் கொடுக்கிறவன். சர்ச் பாட்டுக்குழுவில் அடிக்குரல். அவன் பாடினால் பெஞ்சு அதிரும், பாடி முடித்தால் இருமல் பெஞ்சை அதிரவைக்கும். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் பெங்களூரில். லைன் வீட்டில் தனி ஆள். என்னோடு தினம் ஒரு சண்டை போடாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. எனக்கும்தான்.

காய்ச்சல் வந்த அன்று ஆம்புலன்ஸைச் சர்ச் வாசலில் நிறுத்தச் சொல்லிவிட்டான். வெள்ளைச் சட்டை, செருப்பு இல்லை. வராந்தா வரைக்கும் தானே நடந்து வந்து, டோக்கனை எடுத்துத் தானே ‘கீழே’ பக்கம் மாட்டினான். நான் பத்தடி தள்ளி நின்றேன். பயம்.

“இன்னாடா பாக்கியம், அங்கியே நிக்கற? கடிச்சிற மாட்டேன் வா” என்றான்.

“பேசாத, மூச்சு வாங்குது பாரு. ஏறு வண்டில.”

“ஏறுறேன். நானே மாட்டிக்கீறேன், பாத்துக்கினியா? வந்து நானேதான் எடுப்பேன். நடுவுல நீ கை வெச்சன்னு வெய்யி, கையை ஒடிச்சிருவேன்.”

அவனை ஏற்றிக்கொண்டு வண்டி கோலார்ப் பக்கம் போனது.

நல்ல செய்திக்குப் பஞ்சம்

அடுத்த வாரம் எங்களுக்கு மிக மோசமான வாரம். ஒரே வாரத்தில் செத்துப்போன நாலு பேரின் டோக்கன்களைக் ‘கீழே’ பக்கத்திலிருந்து எடுத்துக் கறுப்பு நூல் கட்டி அட்டைப் பெட்டியில் வைத்தேன். கடைசியாகக் கட்டியது பாட்டுக்குழுவில் ஆர்கன் வாசித்த பெண்ணுடையது. ஜெபத்துக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். வந்தவர்களும் பாதியில் போனை வைத்தார்கள். ரோஸ்டரில் இருந்தவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் “வேற யாரையாச்சும் போடுங்கண்ணா” என்றார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பாஸ்டர் போன் செய்தார். குரலே இல்லை அவருக்கு.

“பாக்கியம், ஜனங்க விட்டுட்டாங்கப்பா. நம்பிக்கையே போச்சு. ஒரு டோக்கனாச்சும் மேல வரக்கூடாதா? ஒண்ணே ஒண்ணு?”

வரும் ஐயா என்றேன். பிறகு சாலமோன் எப்படி இருக்கிறான் என்று கேட்க ஆஸ்பத்திரி வார்டுக்குப் போன் போட்டேன். எடுத்த நர்ஸ் பெண் கன்னடமும் தமிழும் கலந்து பேசினாள்.

“சாலமோன் அஜ்ஜாவா? டிஸ்சார்ஜ் ஆயிட்டாரு சார். காலைல ஆம்புலன்ஸ்ல கள்சிட்டோம். ஸ்வல்ப ஹுஷாரா பாத்துக்குங்க.”

தாத்தாவை அனுப்பிவிட்டோம், கொஞ்சம் ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னாள். அதை என் காது கேட்டது. ‘டிஸ்சார்ஜ்’ என்ற சொல்லைத்தான் மனசு கேட்டது. அவனைவிட மோசமானவர்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தார்கள், கட்டில் வேண்டியிருந்தது, அதனால் அனுப்பினார்கள் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. ஆனால் அன்றைக்கே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் உள்ள புத்தி இது. சுரங்கத்தில் ஆபத்தெல்லாம் கீழேதான். கேஜை விட்டு வெளியே கால் வைத்துவிட்டால் பிழைத்தான். மேலே வந்தவனை யாரும் உடம்பு எப்படி என்று கேட்க மாட்டார்கள், குளித்தாயா, சாப்பிட்டாயா என்றுதான் கேட்பார்கள். ஆஸ்பத்திரி எங்களுக்குக் கீழே, வீடு எங்களுக்கு மேலே. இந்த நோய் வீட்டிலும் கொல்லும் என்று தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் மண்டையில் ஏறவில்லை.

நானே போய் மாட்டினேன். மாட்டும்போது அவன் சொன்னது ஞாபகம் வந்ததா என்றால், வந்தது. அவன் வந்து எடுக்கட்டும், ஒரு நாள் பொறுக்கலாம் என்றும் தோன்றியது. ஆனால் மணி இரண்டு ஆகிவிட்டிருந்தது, சபை போனில் காத்திருந்தது.

பிறகு நடந்ததைத்தான் முதலில் சொன்னேன். ஜெபம் முடிந்ததும் ரோஸ்டரில் சாலமோன் பெயரை அடித்தேன்.

சனிக்கிழமை போன்

மறுநாள் ஆறு மணி ஜெபத்துக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது சாலமோன் கூப்பிட்டான்.

“டேய். மாட்டிட்டியாமே?”

“ஆமாண்டா! ஊரே சந்தோஷத்துல கீது உன்னால.”

“யாரைக் கேட்டு மாட்டின?” சிரித்தான். சிரிப்பு பாதியில் இருமலாகி, இருமல் நிற்கவே இல்லை. நான் காத்திருந்தேன். மணியைப் பார்த்தேன். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். “நான் இன்னும் ஏறலடா. கேஜ்லதான் கீறேன். எடுத்து அந்தாண்ட போடு.”

“சும்மா இரு. நல்லாத் தூங்கு. ஜெபத்துக்கு டைமாச்சு, அப்பறம் பேசறேன்.”

அப்புறம் பேசவில்லை.

ஏன் பேசவில்லை என்று ஐந்து வருடமாக எனக்கு நானே பல காரணங்கள் சொல்லிப் பார்த்தேன். அன்று ஜெபத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது, மூன்று நாளாக வராதவர்களெல்லாம் வந்தார்கள், கஞ்சி காய்ச்ச மறுபடி ஆள் கிடைத்தார்கள், எனக்கு மூச்சுவிட நேரம் இல்லை. எல்லாம் உண்மை. ஆனால் அசல் காரணம் வேறு. திரும்பப் போன் செய்தால் அவன் இருமுவான். இருமினால் டோக்கனைக் கீழே மாட்ட வேண்டும். மாட்டினால் அதைச் சபைக்குச் சொல்ல வேண்டும். அதற்கு எனக்குத் துணிச்சல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் போனில் பிரசங்கம் செய்தார். மேலே வந்த ஒருவனை வைத்தே முழுப் பிரசங்கமும். நானும் ஆமென் சொன்னேன்.

ரத்னா தட்டிய கதவு

சாலமோனின் பக்கத்து வீடு ரத்னா. அவர்கள் பௌத்தக் குடும்பம். பக்கத்துச் சுரங்கக் குடியிருப்பான பாலகாட்டில் இருக்கும் தன் அம்மாவுக்கு நோய் கண்டு, பார்த்துக்கொள்ளப் போயிருந்தாள். செவ்வாய்க்கிழமை காலை திரும்பி வந்தாள். எங்கள் பலகையைப் பற்றியோ ரோஸ்டரைப் பற்றியோ அவளுக்கு ஒன்றும் தெரியாது. மூன்று நாள் பால் பாக்கெட் வாசலில் கிடந்து திரிந்து நாறுவதைப் பார்த்துக் கதவைத் தட்டியிருக்கிறாள். பிறகு எனக்குப் போன்.

“அண்ணா, சாலமோன் அண்ணன் கதவத் தொறக்கல. உங்க சர்ச்சிலேர்ந்து யாரும் வர்லியா?”

“அவரு மேல வந்துட்டாரும்மா” என்றேன். அந்த நேரத்திலும் என் வாயில் அதுதான் வந்தது. அவளுக்குப் புரியவில்லை.

“இன்னாண்ணா சொல்றீங்க? ஓடி வாங்க.”

கதவை உடைத்துத் திறந்தோம். அவன் கட்டிலில் இல்லை. கதவுக்கு நாலடி தள்ளித் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முன்னால் ஒரு சொம்பு, காலி. பக்கத்தில் செல்போன், சார்ஜ் இல்லை. சார்ஜர் கட்டிலுக்கு அந்தப் பக்கத்துச் சுவரில் தொங்கியது. இரண்டுக்கும் நடுவில் எட்டு அடி தூரம்கூட இராது.

ரத்னா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதாள். “நான் போகாம இருந்திருந்தா ஒரு வா சுடுதண்ணியாச்சும் குடுத்திருப்பேனே” என்றாள். அவள் எதற்கு அழ வேண்டும்?

சாயங்காலம் பாஸ்டரிடம் சொன்னேன். “இப்ப சொல்லாத பாக்கியம். ஆஸ்பத்திரில கீறவங்க தாங்க மாட்டாங்க. கொஞ்ச நாள் போகட்டும்” என்றார். சரி ஐயா என்றேன். மகளுக்கு மட்டும் சொன்னோம். அவள் பெங்களூரிலிருந்து வர முடியவில்லை, போனில்தான் அடக்கம் பார்த்தாள். பாட்டுக்குழுவின் அடிக்குரலைப் பாட்டில்லாமல் புதைத்தோம். நாலு பேர்.

மூன்று வாரம் கழித்து, வேறு பெயர்களோடு சேர்த்து, சாலமோன் பழைய நெஞ்சு நோயினால் கர்த்தருக்குள் நித்திரையானார் என்று அறிவித்தார்கள். தேதி சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. டோக்கன் ‘மேலே’ பக்கத்திலேயே தங்கிவிட்டது.

எஸ்தரின் சாட்சி

நூற்று இருபத்தேழு எஸ்தருடைய அப்பாவின் நம்பர். எஸ்தர் பெங்களூரில் துணிக் கம்பெனியில் வேலை செய்கிறவள், தினம் காலை ரயிலில் போய் இருட்டிய பிறகு வருகிறவள். சாலமோன் வீட்டுக்கு அனுப்பப்பட்ட அந்த வாரம் அவள் அதே ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு கிடந்தாள். இரண்டு நாளாகச் சாப்பாட்டைத் தொடவில்லை. ‘போதும்’ என்று சைகை காட்டியதாக நர்ஸ்கள் சொன்னார்களாம்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணி ஜெபத்தை அவள் தலையணையில் போனை வைத்துக் கேட்டிருக்கிறாள். அதைத்தான் வருடா வருடம் நன்றி ஆராதனையில் சாட்சி சொல்கிறாள்.

“சாலமோன் அண்ணன் நெஞ்சு இன்னா நெஞ்சு? சல்லடை. அந்த நெஞ்சே மேல வந்துச்சுன்னா எனக்கு இன்னா கேடுன்னு நெனச்சேன். எழுந்து குந்தி, ரெண்டு இட்லி துன்னேன். அன்னிக்கே கர்த்தர் என்னைத் தூக்கிட்டாரு.”

சபை ஸ்தோத்திரம் என்கிறது. நான் மூன்றாம் பெஞ்சில் தலையைக் குனிந்துகொள்வேன். பாக்கியம் அண்ணன் உருகி ஜெபிக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அவள் அந்த இட்லியைத் தின்ற நேரத்தில் அவன் உயிரோடுதான் இருந்தான். போனில் ஒரு குரலுக்காகக் காத்திருந்தான். இது எஸ்தருக்குத் தெரியாது. அவன் நன்றாகக் குணமாகி, ஒரு மாதம் நடமாடி, பிறகு பழைய நோயில் போனான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

கல்லில் வெட்டப்போகும் பெயர்

இப்போது புது பாஸ்டர். இளைஞர், பெங்களூரில் வளர்ந்தவர், என்னை அங்கிள் என்பவர். அந்த நாட்களின் ஞாபகமாகச் சர்ச் சுவரில் ஒரு கல் பதிக்கலாம் என்றார். ஒரு பக்கம் மேலே வந்தவர்கள், ஒரு பக்கம் நித்திரையானவர்கள். எஸ்தர் ஓடியாடிப் பட்டியல் எடுத்தாள். பலகையைப் பார்த்துத்தான் எடுத்தாள். மேலே வந்தவர்களில் முதல் பெயர் சாலமோன். பலகை என் பொறுப்பு என்பதால் சரிபார்த்துக் கையெழுத்துப் போட என்னிடம் கொடுத்தார்கள். கல் திறப்பு வருகிற ஞாயிறு.

போன சனிக்கிழமை எஸ்தர் வீட்டுக்குப் போனேன், சொல்லிவிடுவது என்று. டீ போட்டுக் கொடுத்தாள். இரண்டு மாடி ஏறினால் இன்னும் மூச்சு வாங்குகிறது என்றாள்.

“வாங்கறப்ப எல்லாம் சாலமோன் அண்ணனத்தான் நெனச்சிக்குவேண்ணா. நீங்க அன்னிக்கு நம்பர் சொன்ன கொரல் இன்னும் காதுல கீது.”

“எஸ்தரு…” என்றேன்.

“சொல்லுங்கண்ணா.”

“டீ நல்லாக்கீது” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இதுதான் நான். அன்றைக்கு அவனுக்குத் திருப்பிப் போன் போடாதவனும் இவன்தான்.

அதனால் நேராகப் புது பாஸ்டரிடம் போய் எல்லாம் சொன்னேன். கண் கலங்கக் கேட்டார். கேட்டுவிட்டு, “அங்கிள், அஞ்சு வருஷம் ஆச்சு. இப்ப சொன்னா எஸ்தர் ஆன்ட்டி என்ன ஆவாங்க? சபையோட நம்பிக்கையே ஆடிப்போய்டுமே?” என்றார்.

“சபையோட நம்பிக்கை ஆடக்கூடாதுன்னுதான் ஒரு ஆளை வுட்டோம், பாஸ்டர்.”

அவர் கல் வெட்டுகிறவருக்குப் போன் செய்து வேலையை நிறுத்தச் சொன்னார். என்ன செய்யலாம் என்று ஜெபித்துச் சொல்கிறேன் என்றார். ஜெபிக்கட்டும்.

இந்த இதழ் வெள்ளிக்கிழமை காலை சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனுக்கு வெளியே உள்ள கடைக்கு வந்துவிடும். எஸ்தர் வாங்குவாள். என் தொடரை ரயிலில் படித்து, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் வாசித்துக் காட்டுகிறவள். இந்த வாரம் வாசித்துக் காட்ட வேண்டாம், எஸ்தர். தனியாகப் படி.

நீ பிழைத்தது பொய்யினால்தானா என்று கேட்பாய். எனக்குத் தெரியாதம்மா. உனக்குப் பசித்தது, தின்றாய், பிழைத்தாய். அதை உன்னிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது. ஆனால் அந்தச் சாட்சியில் இத்தனை வருடம் ஒருவனை நிற்கவைத்துப் பேசினாய். அவன் நின்ற இடம் நீ நினைத்த இடம் இல்லை. நீ என்னைத் திட்ட வேண்டுமென்றால் வீட்டில்தான் இருப்பேன்.

நேற்று மதியம் சர்ச்சுக்குப் போனேன். பெஞ்சுகள் மேல் அதே புழுதி. பலகையில் ‘கீழே’ பக்கம் ஐந்து வருடமாகக் காலி. 318ஐக் கழற்றி, அவன் கையால் மாட்டிவிட்டுப் போன அதே ஆணியில் திரும்ப மாட்டினேன். அவன் எடுத்துப் போடச் சொன்ன இடம் அதுதான்.

இனி அந்த டோக்கன் அங்கேதான் இருக்கும். பார்க்கிறவர்கள் ஆள் இன்னும் வரவில்லை என்று தெரிந்துகொள்ளட்டும்.